எண்ணெய் குடித்த குண்டு

படாளம் கூட்டு ரோட்டிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர் போனால் வருகிற அந்த ஊரில், வசுமதி என்ன வேலை பார்க்கிறாள் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். குண்டு உருட்டுகிறாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கல்யாணமாகி வந்த புதிதில் அவளும் விளக்கிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு ஓய்ந்துவிட்டாள். ரேஷன் கடை வரிசையில் யாராவது, 'இன்னா வசு, குண்டு நல்லா உருளுதா?' என்று கேட்டால், 'உருளுது' என்று சொல்லிவிட்டுச் சர்க்கரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள்.

அவர்கள் சொல்வதிலும் தப்பில்லை. லேன் என்கிற அறுபது அடி நீளத் தளம். அந்தக் கோடியில், பாட்டில் மாதிரி மரக்கட்டைகளாகப் பத்துப் பின்கள் முக்கோணமாக நிற்கும். ஆறேகால் கிலோ குண்டில் மூன்று விரலை நுழைத்துத் தூக்கி, உருட்டி, பத்தையும் சாய்க்க வேண்டும். அவ்வளவுதான் பௌலிங். அந்த அவ்வளவுதானில் ஐந்து தடவை மாநிலத்திலேயே முதலாவதாக வந்திருந்தாள் வசுமதி. அகில இந்திய அளவில் ஒரு தடவை ஒன்பதாவது. வயது முப்பத்தாறு.

ஆரம்பித்தது செருப்பில். பதினெட்டு வயதில் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே கடலோரச் சாலையில் இருந்த பௌலிங் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. வருகிறவர்களின் செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு, அவர்கள் அளவுக்கு ஷூ எடுத்துக் கொடுக்க வேண்டும். திரும்ப வருகிற ஷூவுக்குள் மருந்து அடிக்க வேண்டும். ஊரார் கால் நாற்றம் பூராவும் மூக்கில் ஏறிய காலம் அது. அங்கே மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவர் ஏசுதாஸ். தினமும் காலையில் கூடம் திறக்கும் முன்பு தளத்துக்கு எண்ணெய் பூசி, ஒவ்வொரு தளத்திலும் குண்டை உருட்டி, மெஷின் பின்களைச் சரியாக நிறுத்துகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. உருட்ட ஓர் ஆள் வேண்டும். செருப்புக்காரப் பெண் சும்மாத்தானே நிற்கிறாள் என்று கூப்பிட்டார். மூன்று மாதத்தில், மெஷினைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் கையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இப்போது அதே கூடத்தில் அவள் பயிற்சியாளர். சாக்ஸ் போடாமல் வந்து நிற்கிற கம்பெனி ஆட்களுக்குக் கட்டைவிரலை எங்கே நுழைப்பது என்று சொல்லிக்கொடுக்கிறாள்.

கணவன் பார்த்திபன் மறைமலைநகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவன் ஒரு நாளும் அவளைத் தடுத்ததில்லை, தாங்கிப் பேசியதுமில்லை. வீட்டில் பேச்சு என்பது மாமனார் கோதண்டராமனுடையது. நாலு ஏக்கர் நிலமும் ஒரு டிராக்டரும் வைத்திருந்தார். வேலை என்றால் அவருக்கு மண் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் கிரீஸாவது ஒட்ட வேண்டும்.

பதிமூன்று வருஷத்துக்கு முன்பு, முதல் தடவை மாநிலத்தில் ஜெயித்த கையோடு, ஆயுத பூஜைக்குத் தன் குண்டையும் வைக்கலாமா என்று வசுமதி கேட்டாள். டிராக்டர் சாவி, ஸ்பேனர் செட்டு, மண்வெட்டி, அரிவாள், மாமியார் அம்சாவின் அருவாமணை, பார்த்திபன் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த அளவுகோல் எல்லாம் வரிசையாக இருந்தன. கோதண்டராமன் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார்.

'வெளையாட்டு சாமானுக்கு இன்னா பூஜ? அப்ப பசங்க கோலி குண்டையும் எடுத்தாந்து வெய்யி.'

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் குண்டுப் பை கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது.

இந்த வருஷம் மே மாதம், மகள் கீர்த்தனா பத்தாம் வகுப்புக்குப் போனதும், வீட்டில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. அக்டோபரில் பெங்களூரில் தேசியப் போட்டி. முதல் ஆறு பேர் இந்திய முகாமுக்குப் போவார்கள். அந்த ஆறில் வந்தால் வசுமதி தொடரலாம். வராவிட்டால் போட்டிக்குப் போவதை விட்டுவிட்டு வேலையுண்டு வீடுண்டு என்று இருக்க வேண்டும். சொன்னது கோதண்டராமன். 'இந்த ஒரு வாட்டிதான்' என்றார். வசுமதிக்குக் கோபம் வந்தது. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தால், முப்பத்தாறு வயதில் மணிக்கட்டு அவளிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. சரி என்றாள். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்கிற பிறவி அவள்.

ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை பெங்களூருக்கு ரயில், புதன்கிழமை போட்டி. அதனால் குண்டுப் பையை முந்தின நாளே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். பூஜையன்று காலையில் கூடத்துக்குப் போனாள். அங்கே ஏசுதாஸ், தான் சர்ச்சுக்குப் போகிறவர் என்பதை ஒரு நாள் ஒத்தி வைத்து, மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் வைத்து வாசலில் பூசணிக்காய் உடைத்தார். பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று பஸ் மாறி மாறி அவள் வீடு வந்து சேர நாலு மணியாயிற்று. வழியெல்லாம் தூறல்.

வீட்டுக் கூடத்தில் பூஜைக்கு எல்லாம் தயாராக இருந்தது. வரிசையின் முதலில், டிராக்டர் சாவிக்கும் முன்னால், பித்தளைத் தாம்பாளத்தில் அரிசியைக் குவித்து, உருண்டு போகாமல் அதன்மேல் உட்கார வைத்திருந்தது அவளுடைய நீலக் குண்டு. மூன்று பட்டை சந்தனம், நடுவில் குங்குமம், சுற்றிச் சாமந்திச் சரம்.

வசுமதி பொரிப் பொட்டலத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். அடுத்த நொடிதான் கவனித்தாள். குண்டு பளபளத்தது.

அது பளபளக்கக் கூடாத குண்டு. அம்மிக் கல்லைப் போல மங்கலாக இருக்க வேண்டும் என்று உப்புத்தாள் வைத்துத் தேய்த்துத் தேய்த்து அதன் மினுக்கை எடுத்து வைத்திருந்தாள். பௌலிங் தளத்தில் முதல் நாற்பது அடிக்கு எண்ணெய் இருக்கும். அதில் வழுக்கிக்கொண்டு போகிற குண்டு, எண்ணெய் முடிகிற இடத்தில் தரையைக் கவ்வி வளைய வேண்டும். வளைந்து போய் இடித்தால்தான் பத்தும் விழும். கவ்வுவது அதன் தோல். அந்தத் தோலில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உண்டு. எண்ணெய் பட்டால் உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய குண்டு வளையாது. அதற்காகவே ஒவ்வொரு உருட்டுக்கும் பிறகு துண்டால் துடைப்பாள்.

கிட்டப் போனதும் நல்லெண்ணெய் வாசனை தூக்கியது.

அம்சா அவள் காதருகில் வந்து, அவள் காலையில் பஸ் ஏறப் போனதுமே ஆரம்பித்துவிட்டார் என்றாள். யாரையும் தொட விடவில்லையாம். அரை மணி நேரம் உட்கார்ந்து அவரே தேய்த்தாராம். சொல்லும்போது அம்சாவின் முகத்தில் ஒரு புதுப்பெண்ணின் வெட்கம் இருந்தது. கோதண்டராமனோ சலவை வேட்டியில், ஒன்றும் நடக்காதவர் போல, கற்பூரத்தைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதே எடுத்துச் சுடுநீரில் போட்டிருந்தால் பாதியாவது வெளியே வந்திருக்கும். இது வசுமதிக்குத் தெரியும். ஆனால் ஆயுத பூஜையில் வைத்த சாமானை மறுநாள் மறுபூஜை முடியும்வரை யாரும் தொட மாட்டார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்துக்குக்கூட அன்றைக்கு விடுதலை. பதிமூன்று வருஷம் கழித்துக் கிடைத்த இடத்திலிருந்து, கிடைத்த அன்றைக்கே குண்டை எடுக்க அவள் கை போகவில்லை. சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தால் மனுஷி என்னதான் செய்வாள்? கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சுண்டல் தின்றாள். குண்டு ராத்திரி பூராவும் அரிசிமேல் உட்கார்ந்து எண்ணெய் குடித்தது.

விடிந்து மறுபூஜை முடிந்ததும், தாம்பாளத்திலிருந்து குண்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய் ஏசுதாஸுக்குப் போன் போட்டாள். கட்டைவிரல் நுழைகிற ஓட்டையிலும் சந்தனம் காய்ந்து கிடந்தது.

'ண்ணா, குண்டுல எண்ணெ ஏறிப்போச்சி.'

'லேன் எண்ணெதான? தொடச்சி எடுத்துகினு வா.'

'நல்லெண்ணெ. மாமனாரு தேச்சிட்டாரு. ஆயுத பூஜைக்கு.'

ஏசுதாஸ், 'அன்னிக்கி வந்துட்டுப் போனாரே, அவரா?' என்றார்.

'எங்க வந்தாரு?'

'சொல்லாதன்னாரு. சரி, சொல்றன். ஆவணி மாசம் ஒரு செவ்வாக்கெழம. டிராக்டருக்கு ஏதோ சாமான் வாங்க திருக்கழுக்குன்றம் வந்தன், அப்டியே வந்தன்னாரு. நீ பத்தாம் நம்பர் பின்ன மட்டும் நிக்க வெச்சி அடிச்சிகினு இருந்த. பின்னாடி நின்னுகினு ரெண்டு மணி நேரம் பாத்தாரு. டீ குட்த்தன், வாங்கல. எவ்ளோ வாட்டி போடும்னு கேட்டாரு. எரநூறுன்னன். செருப்ப மாட்டிகினு போய்ட்டாரு.'

வசுமதி குண்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். இனிமேல் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று.

ஏசுதாஸ் வைத்தியம் சொன்னார். ஓட்டைகளை டேப் போட்டு அடைத்து, பாத்திரம் கழுவுகிற சோப்புநீர் விட்டு, சுடுநீரில் இருபது நிமிஷம் ஊற வை. எடுத்துத் துடை. மறுபடி ஊற வை. எண்ணெய் மிதப்பது நிற்கும்வரை செய். சூடு மட்டும் அளவு தப்பக் கூடாது, தப்பினால் குண்டு வெடித்துவிடும். எவ்வளவு சூடு என்று கேட்டதற்கு, கையை விட்டால் விட முடிய வேண்டும், விட்டு வைத்துக்கொண்டிருக்க முடியக் கூடாது என்றார்.

வெளியே மழை வலுத்திருந்தது. பின்கட்டுத் தகரக் கூரையின் கீழ், எப்போதோ நெல் அவித்த பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றினார்கள். விறகு ஈரம். புகை கண்ணைக் கரித்தது. விஷயத்தைக் கேட்டதும் அம்சா ஒரு பாட்டம் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு பொறுப்பை எடுத்துக்கொண்டாள். சூடு பார்ப்பதற்கு அந்த வீட்டில் அவளை விட்டால் ஆளில்லை. அண்டாவிலிருந்து வாளிக்கு மொண்டு ஊற்றி, கையை விட்டு, ஒன்று இரண்டு மூன்று எண்ணி எடுத்தாள். இன்னொரு செம்பு பச்சைத் தண்ணீர் விட்டாள். நல்லெண்ணெயை எடுப்பது சீயக்காய்தான், இது என்ன சோப்பு என்று அவள் ஒரு பக்கம் வாதாடினாள்.

'வெள்ளிக்கெழமல எண்ணெ தேச்சிகினு கீது. பொம்பளதான் இது. சீயக்கா போடாம எப்டி எண்ணெ போவும்?'

சீயக்காய்த் திப்பி துவாரத்தில் போய் அடைத்துக்கொள்ளும் என்று சொல்லி அவளைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. குண்டு வாளியின் அடியில் உட்கார்ந்தது. கீர்த்தனா போனில் இருபது நிமிஷம் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் நீரின்மேல் சின்னச் சின்னதாக மஞ்சள் கண்கள் திறந்தன.

நாற்றங்காலில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கப் போயிருந்த கோதண்டராமன், சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இரண்டாவது ஊறலின்போது வந்து சேர்ந்தார். வாளியைப் பார்த்தார்.

'பொட்ட அழிச்சிட்டியா?'

அடுப்பு புகைந்தது.

'புடிக்கலன்னா சொல்லியிருக்கலாம்மா. நானா இன்னாத்தயோ செஞ்சிட்டன்.'

மறைத்துப் பயனில்லை என்று வசுமதிக்குத் தெரிந்துவிட்டது. பிடிக்காமல் இல்லை, இது எண்ணெயைக் குடிக்கிற குண்டு, அதுதான் எடுக்கிறோம் என்றாள்.

'இரும்புக்கு எண்ணெ போட்டாத்தான துரு புடிக்காது?'

'இது இரும்பு இல்ல மாமா.'

'தூக்கனா இரும்பாட்டம் கீதே.'

'எண்ணெ குடிச்சா வளையாது. நேரா போய்டும்.'

'நேரா போனா நல்லதுதான?' என்றார். நாற்பது வருஷம் நேராக உழுது பேர் வாங்கியவர் வேறு என்ன கேட்பார்? நேராகப் போனால் நடுவில் இருப்பது மட்டும் விழும், ஓரத்துப் பின்கள் நின்றுவிடும் என்று அவள் சொன்னதும் சாக்கைத் தலையிலிருந்து எடுத்தார். வாளியில் மிதந்த எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'நேத்தே ஏம்மா சொல்லல?'

'பூஜைல வெச்சிட்டீங்க மாமா.'

அவர் மழையில் இறங்கி டிராக்டர் கொட்டகைக்குப் போனார். கட்டிக்கொடுத்த மகள் வீட்டு விசேஷத்துக்கென்று காயவைத்துப் பூட்டி வைத்திருந்த சவுக்குக் கட்டையை ஒரு சுமை கொண்டுவந்து போட்டு, அடுப்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. ஐந்து ஊறல் ஆயிற்று. அன்றைக்கு எல்லோருக்கும் சோறு இரண்டு மணிக்குத்தான். ஐந்தாவது ஊறலிலும் நாலைந்து மஞ்சள் கண்கள் மிதந்தன. ஆனால் அதற்குமேல் தாங்காது என்று ஏசுதாஸ் சொல்லிவிட்டார்.

புதிதாக ஒரு குண்டு வாங்கிக் கைக்குத் துளை போட்டுப் பழக மூன்று நாள் போதாது. நீலத்தையும், தனியாக நிற்கும் பின்னை அடிப்பதற்கென்று வைத்திருக்கும் நேர்க்குண்டையும் எடுத்துக்கொண்டு வசுமதி திங்கட்கிழமை கிளம்பினாள்.

பெங்களூரில் மூன்று நாள், நாளுக்கு ஆறு ஆட்டம். முதல் நாள் நீலம் அவள் பேச்சைக் கேட்கவில்லை. வளைய வேண்டிய இடத்தில் சாதுவாக நேரே போயிற்று. பத்து விழ வேண்டிய இடத்தில் எட்டு விழுந்தது, ஏழு விழுந்தது. உருண்டு உருண்டு சூடேறியதும் குண்டு திரும்பி வரும் மேடையிலேயே நல்லெண்ணெய் மணக்க ஆரம்பித்தது. பக்கத்துத் தளத்தில் ஆடிய மும்பைப் பெண் மூக்கைச் சுளித்து, யாராவது சாப்பாடு கொண்டுவந்திருக்கிறார்களா என்று இங்கிலீஷில் கேட்டாள். வசுமதி துடைத்தாள். ஒவ்வொரு உருட்டுக்கும் இரண்டு தடவை துடைத்தாள். வெள்ளைத் துண்டு மஞ்சளாயிற்று. அன்றைக்குப் பதினாலாவது இடம்.

இரண்டாம் நாள் நிற்கிற இடத்தை மாற்றிக்கொண்டாள். சண்டி மாட்டை ஓட்டுகிற மாதிரி, அது போகிற வழியிலேயே கொஞ்சம் போக விட்டுப் பிடித்தாள். தளத்தோடு உரசி உரசி எண்ணெய் கக்கிக்கொண்டே வந்த குண்டு, சாயங்காலம் கவ்வ ஆரம்பித்தது. ஒன்பதாவது இடம். மூன்றாம் நாள் அது பழைய நீலமாகவே இருந்தது. ஐந்து ஆட்டத்தில் அவள் யாருக்கும் சளைக்கவில்லை. இன்னும் அறுபது ஆட்டம் இருந்தாலும் இன்றைக்கு ஆடலாம் என்று தோன்றியது. கடைசி ஆட்டத்தின் கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது, ஆறாவது இடத்துக்கும் அவளுக்கும் நடுவே சொற்பப் பின்கள்தான் இருந்தன.

முதல் உருட்டில் ஒன்பது விழுந்தது. வலது ஓரத்தில் பத்தாம் நம்பர் பின் மட்டும் நின்றது. அதைச் சாய்த்தால் இன்னொரு உருட்டு கிடைக்கும். அதில் நாலு விழுந்தால் போதும்.

நேர்க்குண்டை எடுத்தாள். இதற்கும் எண்ணெய்க்கும் சம்பந்தமில்லை. எண்ணெய் படாத குண்டு, எண்ணி மாளாத தடவை அடித்த பின். விடும்போது கட்டைவிரல் ஒரு மயிரிழை தாமதித்தது. குண்டு பின்னின் இடுப்பை ஒட்டிப் போய் ஓரப் பள்ளத்தில் விழுந்தது. பின் ஆடக்கூட இல்லை.

நாலு பின்னில் ஏழாவது இடம்.

நாற்காலியில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தாள். அழவில்லை. பார்த்திபனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவன், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டான். திரும்புகிற ரயிலில், இரண்டு குண்டையும் ஏசுதாஸிடம் கொடுத்துவிடலாம், கூடத்தில் வருகிற சின்னப் பெண்கள் யாருக்காவது ஆகும் என்று யோசித்துக்கொண்டே வந்தாள். வாக்கு வாக்குதான். வீட்டில் அதை யாரும் ஞாபகப்படுத்தும் முன்பு தானே சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள். ஜோலார்பேட்டை தாண்டியதும், அடைத்துவைத்த துக்கம் அதுவாகவே வந்துவிட்டுப் போயிற்று.

சனிக்கிழமை காலை கூட்டு ரோட்டில் பஸ் நின்றதும், டீக்கடை ஓரமாக டிவிஎஸ்ஸோடு கோதண்டராமன் நிற்பது தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவளை அழைத்துப் போக அவர் வந்ததில்லை. இரண்டு டீ சொன்னார். மழை விட்டிருந்தது. ஏரிப் பக்கமிருந்து குளிர்காற்று வந்தது.

'எவ்ளோல போச்சி?'

'நாலு.'

'நாலு பேரா?'

'நாலு பின்னு மாமா.'

அவர் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, அவளைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக் கேட்டார்.

'எண்ணெயாலயா?'

இல்லை என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. வயசானவர், ஆசையாகச் செய்தவர். ஆனால் ஒரு தடவை சொல்லாமல் விட்டதன் பலனைத்தான் அனுபவித்தாயிற்றே. அதோடு, இரண்டு மணி நேரம் நின்று பார்த்தவருக்கு நிஜம் தெரிந்தாக வேண்டும்.

'மொத நாளு எண்ணெயால மாமா. கடசி நாளு என்னால. பத்தாம் நம்பர் பின்ன வுட்டுட்டன்.'

'அன்னிக்கி எரநூறு வாட்டி போட்டியே, அதுவா?'

'அதான்.'

கோதண்டராமன் மீதி டீயை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு டம்ளரைப் பலகையில் வைத்தார்.

'அப்ப முந்நூறு போடணும்' என்றார்.

வசுமதி வாயைத் திறந்தாள். ரயிலில் தயார் செய்து வைத்திருந்த பேச்சு இருந்த இடமே தெரியவில்லை. அதற்குள் அவர் குண்டுப் பையைத் தூக்கி, கனத்தில் ஒரு முறை தடுமாறி, டிவிஎஸ்ஸின் முன்பக்கம் காலுக்கு நடுவே வைத்து, பை சரியாதபடி கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றினார். அவள் பின்னால் உட்கார்ந்ததும் வண்டியைக் கிளப்பினார். மழை அரித்த ரோடு. பள்ளம் வந்த இடத்திலெல்லாம் காலை ஊன்றி மெதுவாக இறக்கி ஏற்றினார். பாதி வழியில் தலையைத் திருப்பாமலே கேட்டார்.

'அடுத்த பூஜைக்கு சந்தனம் வெக்கலாமா?'

'மேல வெக்கலாம் மாமா. ஓட்டைல மட்டும் வேணாம்.'

சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த பள்ளத்தைப் பார்த்து ஓட்டினார்.